நிவிஷ்கா, பேட்ச் நம்பர் ஒன்று

எங்கள் ஊர் அழகுசாதனப் பாதுகாப்பு அலுவலகத்தில் கண்ணு வைப்பதற்கென்றே ஒரு அரசாங்க ஊழியர் இருக்கிறார். பெயர் பரஞ்சோதி. மையோ பவுடரோ க்ரீமோ, எது வந்தாலும் அதைப் பத்து நிமிஷம் பொறாமையோடு பார்ப்பார். பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது பாதுகாப்பானது. பாஸ் என்று சீல் குத்திவிடுவார்கள்.

நான் என் மகளுக்கு வீட்டிலேயே மை செய்து திருஷ்டிப் பொட்டு வைத்துவந்தேன். ஜவ்வரிசியைக் கருக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்த மை. லைசென்ஸ் இல்லாமல் வைக்கிறேன் என்று யாரோ மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, கன்னத்தில் பொட்டோடு மகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த ஜெபமணி மேடம் ஒரு ஃபாரம் கொடுத்தார். நான் ஆறாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். முதல் கட்டத்தில் ‘பெயர்’ என்று இருந்தது. தடுப்பூசி போடுகிற இடத்தில் குழந்தை பெயரைத்தான் எழுதுவோம். நிவிஷ்கா என்று எழுதினேன். ‘தயாரிப்பாளர்’ என்ற இடத்தில் என் பெயர், முத்துச்செல்வி. ‘தயாரித்த தேதி’க்கு அவள் பிறந்த தேதி, எட்டு மாசத்துக்கு முன்னால். நிறம், மாநிறம். எடை, ஏழு கிலோ நானூறு. ‘எச்சரிக்கை’ என்று கடைசியில் கேட்டிருந்தார்கள். பல் முளைக்கிறது, கடிக்கும் என்று எழுதினேன்.

மேடம் படித்துப் பார்த்தார்.

“நிவிஷ்கா. க்ரீமுக்குன்னே வச்ச பேரு மாதிரி இருக்கும்மா. ஏழு கிலோவா? சின்ன பாக்கெட் கிடையாதா?”

“இல்ல மேடம், ஒண்ணுதான்.”

“அடுத்தது எப்போ?”

“இப்போதைக்கு வேணாங்கிறாரு அவரு.”

“அதுவும் சரிதான். மார்க்கெட் எப்படிப் போகுதுன்னு பார்த்துக்கிட்டு செய்யலாம்.”

மகளின் உள்ளங்காலில் பேட்ச் நம்பர் ஒன்று என்று குத்தினார். முதுகில் ‘வெயில் படாத இடத்தில் வைக்கவும்’ என்று ஒட்டி, ஒரு ஷாம்பூவுக்கும் நகப்பாலிஷுக்கும் நடுவில் உட்காரவைத்தார்.

“எப்போ தருவீங்க மேடம்?”

“பாஸ் ஆயிட்டா சாம்பிள் எங்ககிட்டதான் இருக்கும். மூணு வருஷம். நாளைக்கு யாராவது கம்ப்ளெயிண்ட் பண்ணினா எடுத்துப் பார்க்கணும்ல? ஃபெயில் ஆனா நீயே எடுத்துட்டுப் போயிடணும். ஒரு மணி நேரம்கூட வச்சுக்க மாட்டோம்.”

“அந்தப் பெயர் கட்டத்துல மையோட பேரையா எழுதியிருக்கணும் மேடம்?”

“ஆமா.”

“மைக்குப் பேரு கிடையாதே.”

“பேரில்லாத பொருளை நாங்க டெஸ்ட் பண்றதில்லம்மா.”

சட்டம் என்றால் அப்படித்தானே. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கன்னத்துப் பொட்டை அழித்தால் கண்ணாவது படுமே என்று கை போனது. சீல் வைத்த பொருளைத் தொட்டால் ஏழு வருஷம் என்று சுவரில் எழுதியிருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

என் மகள் ஃபெயில் ஆக வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

பக்கத்தில் நின்ற க்ரீம் கம்பெனிக்காரர் தைரியம் சொன்னார். “கவலைப்படாத தங்கச்சி. முப்பது வருஷமா இங்க ஃபெயிலே கிடையாது. என் டப்பாவுல எலி செத்துக் கெடந்துச்சு, அதுவும் பாஸ்.”

காரணம் இருக்கிறது. அரசாங்க வேலை கிடைத்த அன்றே பரஞ்சோதி சாருக்குப் பொறாமை போய்விட்டது. பத்து மணிக்கு வருகிறார், டீ குடிக்கிறார், ஃபேனுக்குக் கீழே உட்காருகிறார். யாரைப் பார்த்து வயிறு எரிவார்? அதனால் எங்கள் ஊரில் எல்லாமே பாதுகாப்பான க்ரீம்தான். சிலருக்கு முகம் உரிகிறது. அது முகத்தின் குறை, அதற்குத் தனி அலுவலகம் இருக்கிறது.

சார் வந்து என் மகள் எதிரில் உட்கார்ந்தார். பார்த்தார். அவள் எச்சில் குமிழி விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எட்டு நிமிஷம் போனது. ஜெபமணி மேடம் பாஸ் சீலை மைப்பெட்டியில் ஒற்றி எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். சாருக்குப் பின்னால், இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவருடைய பணி நிறைவு விழா என்று பத்திரிகை ஒட்டியிருந்தது. அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“சார்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். “சார், அறுபது வயசுலதானே ரிட்டையர்மெண்ட்?”

“ஆமாம்மா.”

“இவளுக்கு ரிட்டையர் ஆக இன்னும் ஐம்பத்தொம்பது வருஷம் நாலு மாசம் இருக்கு சார்.”

சார் விரல் விட்டு எண்ணினார். கை விரல் முடிந்ததும் குனிந்து கால் விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார்.

அவள் வீலென்று அலறினாள். ஷாம்பூ பாட்டில் மூடி தானாகத் திறந்துகொண்டது.

மேடம் இழுப்பறையைக் குடைந்து, பிரிக்காத ஃபெயில் சீலை எடுத்துப் பிரித்தார். “மனசு விட்டுடாத. ஃபார்முலாவை மாத்தி அடுத்த வருஷம் கொண்டா,” என்றார். மகளை வாரி எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தேன்.

ஒன்றாம் தேதி நிவிஷ்கா பெயருக்கு வேலை உத்தரவு வந்தது. பரஞ்சோதி சார் இடத்துக்கு, ஓய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறவர் என்று ஃபைலில் அவள் ஒருத்திதான் இருந்தாளாம். இடுப்பில் வைத்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தேன். குழந்தைக்கு எதைக் கண்டாலும் வேண்டும். மத்தியானத்துக்குள் பதினாறு க்ரீம் ஃபெயில்.

சாயங்காலமே மாற்றல் உத்தரவு கொடுத்தார்கள். மலை ஊர். அங்கே மேகங்களுக்குப் பவுடர் பூசித்தான் கீழே அனுப்புகிறார்களாம், சோதிக்க ஆள் இல்லையாம். தயாரிப்பாளரும் உடன் வரலாம் என்று போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் குல்லா எடுத்து வைத்தேன்.