கழுவினால் போகும் இலக்கம்

சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த வெள்ளைப் பருத்திச் சட்டையைப் பவளம் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். முந்தின நாள் அதன் முதுகில் கன்னங்கரேலென்று பதிந்திருந்த அவளுடைய தொலைபேசி இலக்கம், ஒரே கழுவலில் சாம்பல் கறையாகியிருந்தது. எட்டு மூன்றுபோலத் தெரிந்தது.

கணவர் இராசலிங்கத்துக்கு மறதி நோய். ஏற்கெனவே இரண்டு தடவை ரயிலேறித் தொலைந்துபோய், பொலிஸ் கூட்டிவந்து விட்டது. பெயர் எழுதிக் கையில் கட்டிய பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டார். பொலியெஸ்டர் துணி உடம்பில் பட்டால் கடிக்கிறதென்று கழற்றிவிடுவார். பருத்தி ஒன்றுதான் அவருக்குச் சரி. அதனால்தான் மகள் தேனுஜாவின் அச்சு இயந்திரமும், அச்சைத் துணியில் பதிக்கும் சூட்டு அழுத்தியும் குசினி மேசைக்கு வந்திருந்தன.

"அம்மா, இந்த மை பொலியெஸ்டரிலதான் பிடிக்கும். பருத்தியில நிக்காது," என்றாள் தேனுஜா, மியூனிக்கிலிருந்து தொலைபேசியில். "மை பிடிக்கிறதுக்குப் பூச்சு ஒண்டு அனுப்பிறன். அடிச்சு, நல்லாக் காயவிட்டு அழுத்துங்கோ."

பூச்சு வந்த அன்றே இன்னொரு சட்டையில் அடித்துக் காயவைத்து, இலக்கத்தை அழுத்தினாள். அழுத்தியைத் திறந்தபோது சூடான நெடி மூக்கில் ஏறியது. இராசலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

"உது என்ன?"

"என்ர நம்பர். வழி தவறினால் ஆராவது போன் பண்ணுவினம்."

"நான் என்ன பார்சலே?"

அன்று அவர் முகம் முழுத் தெளிவாக இருந்தது. பவளம் அழுத்தியை அணைத்தாள். சட்டையைச் சலவைக்குப் போட்டுவிட்டு, கண்ணாடிக்குள் அது சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் எடுத்து உதறினாள். எல்லா இலக்கங்களும் அப்படியே இருந்தன.

"இஞ்ச பாருங்கோ!" என்று கூடத்துக்கு ஓடினாள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. கொக்கியில் தொங்கிய, இலக்கம் வெளிறிய முதல் சட்டையைக் காணவில்லை.

தெருமுனைவரை ஓடினாள். பொலிசுக்குச் சொன்னாள். பிறகு தொலைபேசியைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு பேருந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். தொலைபேசி அடித்தபோது ஒரு ஜெர்மன் பெண்ணின் குரல் கேட்டது. அல்டோனா ரயில் நிலையத்தில் ஒருவர் இருக்கிறார், சட்டை முதுகில் உள்ள கடைசி எண் விளங்கவில்லை, ஊகித்து அடித்தபோது முதலில் வேறு யாரோ எடுத்தார்கள் என்றாள்.

திரும்பி வரும் ரயிலில் அவரைச் சன்னலோரம் இருத்தி, தான் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"நீங்கள் எங்க இறங்கப் போறியள், அக்கா?"

அவர்களுடைய நிலையம் வந்தது. கதவு திறந்தது. பவளம் எழுந்து கையை நீட்டினாள். அவள் போவதற்கு வழிவிட்டு, அவர் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டார்.