விடாப்பிடி

“தண்ணி குடுக்காதீங்க! குடுக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா!”

பெர்மெத் தட்டிவிட்ட வேகத்தில் சித்தப்பாவின் கையிலிருந்த குவளை பறந்துபோய் வேனின் தகரச் சுவரில் மோதி உருண்டது. ஓர்மோன் சித்தப்பா முறைத்தார். முறைக்கட்டும். அவள் அப்பாவின் கால்களைத் தூக்கிச் சேணத்தின் மேல் வைத்தாள். ஆடு ஏற்றும் வேன். கல்லும் பனிச்சேறும் கலந்த மலைப்பாதையில் அது குதித்துக் குதித்து ஓடியது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.

“நீ டாக்டருக்குப் படிக்கிறவதானே? ஏதாவது பண்ணேன்!”

“வண்டியை விரட்டச் சொல்லுங்க சித்தப்பா. அதான் வைத்தியம்.”

அப்பாவின் மேல்கோட்டையும், அதற்குள் போட்டிருந்த சாம்பல் நிறக் கையில்லாக் கோட்டையும் சேர்த்து மேலே ஏற்றிவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பலகை. நாடி குருவியின் நெஞ்சுபோல் அடித்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

“இடது தோள் வலிக்குதாப்பா?”

அப்பா சாகின் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம்.

மண்ணீரல் கிழிந்துவிட்டது. உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வருடப் பாடம் அது. ஆறு வருடப் படிப்பில் அவள் படித்ததும் அந்த மூன்றாம் வருடம் வரைக்கும்தான். அது வேனில் யாருக்கும் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. இன்னும் நாலு மாதத்தில் டாக்டராகிவிடுவாள் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லித் திரிந்தவர், இதோ, சேணத்தில் கால் வைத்துப் படுத்திருக்கிறார்.

முதல் வருடக் கட்டணத்துக்கு ஒரு குதிரை போனது. இரண்டாம் வருடம் கட்டணம் ஏறியது. ஒரு குதிரையும் ஒரு பசுவும் போயின. மூன்றாம் வருடம் அறை வாடகை, ரொட்டி, பேருந்து எல்லாமே ஏறின. சினையாயிருந்த பெண்குதிரை போனது. நான்காம் வருடத் தொகையை அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு பெர்மெத் அப்படியே திரும்பி நடந்தாள். கொட்டிலில் மிச்சமிருந்தது அப்பா ஏறும், நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டிக் குதிரை ஒன்றுதான். குதிரையில்லாத சாகினை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. “அரசாங்க உதவித்தொகை கெடச்சிருச்சுப்பா. இனிமே ஒரு சோம்கூடக் கட்ட வேணாம்” என்று ஃபோனில் சொன்னாள். அந்தப் பக்கம் அப்பா மூக்கை உறிஞ்சினார். அடுத்த வாரமே தலைநகரின் ஓரத்தில் ஒரு நிலவறைத் தையல் கூடத்தில், பதினேழாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் எதற்காக? இவர் இனிமேல் கட்டணத்துக்காக முரட்டு ஆட்டத்தில் இறங்கி உடம்பை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இவரோ மூன்று குளிர்காலமாக ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. தலை வெட்டிய ஆட்டை நூறு குதிரைக்காரர்கள் பிடித்து இழுக்கும் ஆட்டம். ஐம்பத்து மூன்று வயது!

இன்று காலையில்கூடக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “ஃபீஸ் இல்ல, கடன் இல்ல. யாருக்காகப்பா போய் விழுறீங்க?”

“பரிசு காராம்ல.”

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“பழகிக்கிறேன். குதிரையைவிட கஷ்டமா?” என்று சிரித்துவிட்டுப் போனவர்தான்.

பக்கத்து ஊர்ப் பணக்காரர் ஒருவருடைய பேரனுக்குக் கால்கட்டு அறுக்கும் விருந்து. முதல் அடி எடுத்துவைக்கும் குழந்தையின் காலில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் கட்டி அறுப்பார்கள். அந்த விருந்தில் நடக்கும் ஆட்டத்துக்குத்தான் கார் பரிசு. பிள்ளையின் கால்கட்டை அறுக்கிற அன்றைக்கு அப்பன் காலில் கட்டு விழுகிறது என்று சாகின் வேடிக்கையாகச் சொல்வார்.

இப்போது அவர் கை தடவித் தடவி அவளுடைய வலது ஆள்காட்டி விரலைப் பிடித்தது. மெஷின் ஊசி நகத்தைத் துளைத்துப் போனதில் கறுத்துப்போன விரல். ஆஸ்பத்திரிக் கதவில் நசுங்கியதாகச் சொல்லியிருந்தாள். அவருடைய கட்டைவிரல் அந்தக் கறுப்பு நகத்தின் மேல் மெதுவாக, திரும்பத் திரும்ப ஓடியது.

“வலிக்குதா கண்ணு?” என்றார்.

“உங்களுக்குத்தான்ப்பா வலிக்குது! ஏன்ப்பா போனீங்க? கிறுக்கா உங்களுக்கு? ஏன் போனீங்க?”

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். சித்தப்பா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “சாகப்போற மனுசனைத் திட்டறியே, நாக்கு அழுகிப்போகும்!”

கட்டைவிரல் நின்றுவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் அடக்கம். வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுந்தது. உள்ளே அவரைக் கிடத்தினார்கள். பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து, வருகிறவர்களைப் பார்த்துக் கதறினார்கள்.

அம்மா பாடினாள்: “மருந்துக்காரி மகளைப் பெத்த மலையே, ஒரு மாத்திரை இல்லாமப் போனியே...”

பெர்மெத்தின் தொடையில் அத்தை நறுக்கென்று கிள்ளினாள். “அழுடீ. பாடு. ஊர் பாக்குது.”

“வரலை அத்தை.”

“எப்படி வரும்? மூணு குதிரை, ஒரு பசு முழுங்கின படிப்பு. ஒரு மனுசனைப் பொழைக்க வைக்க வக்கில்லை. எங்க காலத்துல பிள்ளைங்க ரொட்டி தின்னு வளந்துச்சுங்க. இப்போ அப்பனைத் தின்னு வளருதுங்க.”

நாலு பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெர்மெத் தன் கைகளை மடிக்குள் சுருட்டிக்கொண்டாள். ஒரு வாய் திறந்தால் போதும். நான் டாக்டரே இல்லை, இவருக்காகத்தான் விட்டேன் என்று ஒரு வாய். பிறகு? மகளைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தவன் என்று அப்பாவையும் சேர்த்தல்லவா புதைப்பார்கள். அவரை மண்ணுக்குள் வைக்கும்வரை மூச்சு விடக் கூடாது.

அந்த நிலவறையில் அவள் இப்படியெல்லாம் பொறுத்துப்போனவள் இல்லை. அங்கே தைக்கிற ஒவ்வொரு கையில்லாக் கோட்டின் உட்பக்கமும், தைத்தவள் தன் கையாலேயே நம்பர் எழுதிய ஒரு நாடாத் துண்டு சேர்த்துத் தைக்க வேண்டும். கடைசியில் நூல் வெட்டும் பெண்கள் அதை வெட்டியெடுத்து எண்ணுவார்கள். அதை வைத்துத்தான் கூலி. துண்டு வெட்டாமல் எந்தக் கோட்டும் பஜாருக்குப் போகாது. “உன் ஏழு மட்டும் ஏன்டி குடிச்சவன் மாதிரி சாஞ்சு நிக்குது?” என்று மேற்பார்வைக்காரி லூதா கேலி செய்வாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒருநாள் நாற்பது தைத்தும் முப்பத்தொன்பது துண்டுதான் தேறியது. பெர்மெத் லூதாவின் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். எவனோ வாசலில் வந்து விலை கொடுத்து வாங்கிப்போனான், ஒரு கோட்டுக்காக உயிரை எடுக்கிறாயே என்று லூதா அலறினாள். கூலி வந்த பிறகுதான் பெர்மெத் முடியை விட்டாள்.

வெளியே குதிரை கனைத்தது. அவளுக்குத் தெரிந்த கனைப்பு.

எழுந்து ஓடினாள். நாலு பேர் சுட்டியின் கால்களில் கயிறு போட்டிருந்தார்கள். சித்தப்பா கையில் கத்தி.

“அதை விடுங்க! சித்தப்பா, அதை மட்டும் வேணாம்!”

“குதிரை வெட்டாம அண்ணனை அனுப்பினா ஊர் காறித் துப்பும்.”

“வேற வாங்குங்க!”

“வேற எங்க இருக்கு? அதான் மிச்சத்தை எல்லாம் நீ தின்னுட்டியே!”

கயிற்றை இழுத்தார்கள். சுட்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தபோது தரை அதிர்ந்தது. பெர்மெத் பாய்ந்து சித்தப்பாவின் மணிக்கட்டைக் கடித்தாள். யாரோ அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். சேற்றில் கிடந்தபடியே பார்த்தாள்: பனியில் சிவப்பு ஆவி பறக்கப் பரவியது. எந்தக் குதிரை விற்கப்படக் கூடாது என்று அவள் மூன்று வருடம் மெஷினை மிதித்தாளோ அந்தக் குதிரையின் கால்கள் இரண்டு தடவை உதறி அடங்கின.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

வெள்ளைக் கார். இருக்கைகளில் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓட்டிவந்தவன் உலான், ஆட்டத்தில் அப்பாவை மோதியவன், பரிசை வென்றவன். இருபத்திரண்டு வயது. இறங்கி, “அப்பா... என் அப்பாவே...” என்று வழக்கப்படி கதறிக்கொண்டு குனிந்து வந்தான். ஓர்மோனின் ஊன்றுகோல் அவன் காதோரம் இறங்கியது. அடுத்தது முதுகில். அவன் தடுக்கவில்லை.

“அடிங்க. ஆனா நான் வேணும்னு மோதலை. ‘விட்ருங்க மாமா, ஆட்டை விட்ருங்க’ன்னு நாலு தடவை கத்தினேன். ரெண்டு பக்கமும் நெருக்கினா எவனும் விட்ருவான். அவரு ஆட்டுக்காலைத் தொடைக்கடியில குடுத்து, கையோட சேர்த்து சாட்டையால சுத்திக்கிட்டாரு. ‘இன்னைக்கு விடமாட்டேன்டா தம்பி’ன்னாரு. அப்புறந்தான் குதிரை சாஞ்சுது...” வாயோரம் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சாவியை நீட்டினான். “கார் எனக்கு வேணாம். அவரோடது. நீங்க எடுத்துக்கங்க.”

பெர்மெத் சேற்றிலிருந்து எழுந்தாள். கூடாரத்துக்கு வெட்டி மிஞ்சிய கம்பு ஒன்று காலடியில் கிடந்தது.

முதல் அடியில் முன்கண்ணாடி சிலந்தி வலையானது. இரண்டாவதில் உள்ளே கொட்டியது. பிறகு விளக்குகள். பிறகு கதவு. “இதுக்கா? இந்தத் தகரத்துக்கா? ஓட்டத் தெரியாத காருக்கா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. கம்பு முறிந்ததும் முறிந்த முனையால் இடித்தாள். யாரும் தடுக்கவில்லை. இதுதான் இவளுடைய ஒப்பாரி என்று விட்டுவிட்டார்கள் போலும். கூடாரத்துக்குள் அம்மாவின் பாட்டு நின்று, மறுபடி தொடங்கியது.

பிறகு குளிப்பாட்டினார்கள். தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். ஆண்கள் இடுகாட்டிலிருந்து திரும்பி, கை கழுவி, சுட்டியின் கறியைத் தின்ன உட்கார்ந்தார்கள். யாருக்கு எந்த எலும்பு என்று வயது பார்த்துப் பங்கு வைக்கும் சத்தம் கேட்டது.

பெர்மெத் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தாள். ஜூமாஷ் மாமா வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் ஆட்டத்தில் இறங்கியவர். குளிப்பாட்டிய நாலு பேரில் ஒருவர். குளிப்பாட்டியவர்களுக்குத்தான் இறந்தவரின் துணி. அவர் கக்கத்தில் ஒரு மூட்டை இருந்தது.

“நல்லா ஒடச்சே” என்றார், காரைப் பார்த்து. “எனக்கும் கை அரிச்சுது. வயசாயிருச்சு.”

அவள் கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தொட்டித் தண்ணீரில் கழுவினாள்.

“உங்கப்பன் ஒரு கிறுக்கன். உன்கிட்டதான் சொல்ல முடியும். ரெண்டு வருசம் முன்ன, இலை உதிர்ற சமயம், உனக்குன்னு ஒரு ஆட்டுத்தொடையைத் தோள்ல போட்டுக்கிட்டு நகரத்துக்கு பஸ் ஏறினான். மறுநாள் தொடையோட திரும்பி வந்துட்டான். ‘என்னடா, பொண்ணைப் பாக்கலையா?’ன்னேன். ‘பரீட்சைல இருந்தா, தொந்தரவு பண்ணலை’ன்னான். அந்தத் தொடையை நானும் அவனும்தான் தின்னோம். அவன் ஒரு வாய்கூட ஒழுங்காத் தின்னலை.”

பெர்மெத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் வெறி புடிச்ச மாதிரி ஆயிட்டான். சின்ன ஆட்டம் பெரிய ஆட்டம் ஒண்ணு விடலை. கெடச்சது ஒரு கம்பளம், ரெண்டு செம்மறி. இந்தக் கார் விசயம் காதுல விழுந்ததும் ராத்திரி முழுக்கத் தூங்கலை. ‘ஜூமாஷ், இதை வித்தா மூணு வருசத்துக்குத் தாங்கும்டா’ன்னான். ‘என்னடா மூணு வருசம்? புள்ளைக்கு இன்னும் நாலு மாசந்தானே?’ன்னு கேட்டேன். சிரிச்சு மழுப்பிட்டான். எதுக்கு மூணு வருசம்? உனக்கு ஏதாவது தெரியுமா?”

உடைந்த முன்கண்ணாடி வழியே காருக்குள் பனி விழத் தொடங்கியிருந்தது. உறை பிரிக்காத இருக்கையின் மேல் அது உருகாமல் நின்றது.

“தெரியாது மாமா” என்றாள்.

“சரி விடு. நான் வந்தது வேற விசயம்.” மூட்டையைப் பிரித்து சாம்பல் நிறக் கையில்லாக் கோட்டை எடுத்தார். “இது என் பங்குக்கு வந்துச்சு. அந்தத் தடவை நகரத்துலேர்ந்து இதைப் போட்டுக்கிட்டுத்தான் வந்தான். அன்னைலேர்ந்து ஒரு ஆட்டத்துக்கும் இது இல்லாம இறங்க மாட்டான். உள்ள என்னமோ ஒண்ணு தொங்குது பாரு. ‘விலாவுல குத்தும்டா, வெட்டிடுறேன்’னு ஒருநாள் கத்தியை எடுத்தேன். என் கையை முறிக்க வந்துட்டான். தாயத்தா இது? தாயத்துன்னா வெட்டக் கூடாது, பாவம். நீ படிச்சவ, பாத்துச் சொல்லு.”

அவர் கோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டுத் தையலில், வியர்வையில் மஞ்சளாகிப்போன ஒரு நாடாத் துண்டு. அதில் மசியால் எழுதிய நம்பர் பதினேழு. ஏழு, குடித்தவன் மாதிரிச் சாய்ந்து நின்றது.