பிளம்பர் கூப்பிடுகிறார்

அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவளுடைய கைப்பைக்குள் செல்போன் மறுபடியும் அதிர்ந்தது. அவருடைய செல்போன். எடுத்துப் பார்க்காமலே தெரியும், திரையில் 'பிளம்பர்' என்றுதான் இருக்கும்.

அவர் செத்துப்போன அன்றிலிருந்து இந்தப் பிளம்பர் விடாமல் கூப்பிடுகிறான். கூப்பிடுகிறானா, கூப்பிடுகிறாளா? சமையலறைக் குழாய் ஒரு வருஷமாக ஒழுகுகிறது, எந்தப் பிளம்பரும் எட்டிப் பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்று அவரைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

"கொஞ்சம் உக்காரும்மா," என்றாள் மகள். "அரை மணி நேரத்துல பெட்டிய மூடணுமாம்."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக அளந்தாள். பின்வரிசையில் நீலக் கோட்டு போட்டவள் தேவைக்கு மேல் அழுகிறாள்.

சந்தேகம் இன்று முளைத்ததல்ல. ஊரில் கிரிக்கெட் மேட்ச் என்றால் போதும், இந்த வெளிநாட்டிலும் அவர் லீவு போட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு காதில் மட்டும் வயர். டிவியில் பந்து வீசுபவன் ஓடவே தொடங்கியிருக்க மாட்டான், இவர் தலையில் கை வைப்பார். அதற்கப்புறம்தான் அங்கே ஸ்டம்ப் பறக்கும். "அப்பாவுக்கு ஞானதிருஷ்டி" என்று மகள் சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. காதில் என்ன என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். "கமெண்ட்ரி," என்றார். கமெண்ட்ரிக்கு யாராவது "ம், ம்" கொட்டுவார்களா?

"அந்த நீலக் கோட்டு யாருடி?"

"அப்பா வேலை பாத்த எடத்துல கேன்டீன் அக்கா. போன மாசம்தான் அவங்க வீட்டுக்காரரும் தவறிட்டாரு. பாவம், எங்க போனாலும் இப்படித்தான் அழறாங்களாம்."

சரி, இவள் இல்லை. அப்படியென்றால் வேறு யார்?

பைக்குள் மறுபடியும் அதிர்ந்தது. பெட்டியை மூடுவதற்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாமலே அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் அவரை நினைத்து மனசார அழவும் முடியாது, வாயாரத் திட்டவும் முடியாது. எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழிட்டாள். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

"அண்ணா! அப்பாடா, எடுத்துட்டியா! எங்க போய்த் தொலைஞ்ச?"

கொழுந்தன். மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையைக் கட்டியபோது, பந்தியில் சம்பந்தி வீட்டார் முன்னால், "பொண்ண வளத்த லட்சணம்" என்று சொன்ன அதே குரல். இனி அந்த வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு அவள் சொன்னாள். அவர் "சரி" என்றார். எதற்கும் சரி என்கிற மனுஷன். அவர் போன அன்று, "சித்தப்பாவுக்குச் சொல்ல வேணாமாம்மா?" என்று மகள் கேட்டபோதும், "அப்பாவே விட்ட உறவு, நமக்கெதுக்கு?" என்று அவள்தான் தடுத்தாள்.

"கோவமாண்ணா? இங்க டிவில ஒங்க ஊருக்கு முன்னாடியே வந்துடுது, நான் என்ன பண்ண? ஜெயிச்சிட்டோம்னு கத்திட்டேன். நீயும் சிரிச்ச. அப்புறம் சத்தமே இல்ல. அண்ணி வந்துட்டாங்க போலன்னு வச்சுட்டேன்."

அவர் போன அன்றைக்கு அவள் கதவைத் திறந்தபோது டிவியில் எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக்கூட அவள் சந்தேகப்பட்டிருந்தாள்.

"தம்பி," என்றாள்.

அந்தப் பக்கம் பேச்சு அவசர அவசரமாக வந்தது. "அண்ணி... அண்ணனத் திட்டிடாதீங்க. நாந்தான் கூப்பிடுவேன். சத்தியமா மேட்ச் மட்டுந்தான் அண்ணி. வேற பேச்செடுத்தா, 'அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்டா, ஸ்கோர மட்டும் சொல்லு'ம்பாரு."

ஏமாற்றியிருக்கிறார். அதையும் ஏதோ ஒரு கணக்கில் வாக்குத் தவறாமல் செய்திருக்கிறார்.

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க அண்ணி. இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டு வச்சுடறேன்."

கதவு தட்டப்பட்டது. "அம்மா, மூடலாமான்னு கேக்கறாங்க."

"இருக்கச் சொல்லு," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். பிறகு செல்போனில், "தம்பி, வீட்டுல தனியாவா இருக்கீங்க?"

"இல்லியே, அவ இருக்கா. ஏன் அண்ணி?"

"அவளக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. எனக்கு வீடியோ போடத் தெரியாது. நீங்களே போடுங்க."

கூடத்துக்குத் திரும்பினாள். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அவளைப் பார்த்து ஒதுங்கினார்கள். பெட்டிக்கு மேலே செல்போனை நீட்டிப் பிடித்தாள். செல்போனில் ஓர் அலறல் கேட்டது, கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். மகள் எட்டிப் பார்த்து, திரையில் சித்தப்பாவைக் கண்டதும் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெரியுதா தம்பி?"

"கொஞ்சம்... கொஞ்சம் எறக்குங்க அண்ணி."

கை கடுத்தது. மறு கைக்கு மாற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.