பதினொரு மணிக்குள் சுருங்கும் பூ

அந்தச் சிறுமியின் இடது கண்ணுக்குள் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பூ விரிந்து, பதினொரு மணிக்குள் சுருங்கிவிடும். பிறவியிலேயே அப்படித்தான். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடம் சரியாக மூடாமல் புனல் மாதிரிக் குழிந்து, நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் ரத்தக் குழாய்கள் இதழ் இதழாகப் பிரிந்திருந்தன. மதியம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கோ ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை, விடிவதற்கு முன்னாலிருந்து இரண்டு மணி வரை. லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் பிள்ளைக்குக் கண் ஒருபக்கமாக ஒதுங்குகிறதே என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் மூன்று மணிக்கு மேல்தான். மாவு ஒட்டிய கையோடு வருவதால் அங்கே அவளுக்குப் பெயரே பன் அக்கா. ஆறு வருடத்தில் நான்கு டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே சுத்தமாக இருக்கிறது, வெறும் மாறுகண்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுத்துப் பலகையையும் பிள்ளை வலது கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்து, இடது கண்ணுக்கு அப்படியே ஒப்பித்துவிடும், பாவம்.

எட்டு வயதில், அடுப்பு வெடிப்பு விட்டுத் தொழிற்சாலை மூடிக் கிடந்த ஒருநாள், முதன்முறையாகக் காலையில் போனார்கள்.

"மேடம், உள்ள பூ இருக்கு" என்றார் கண்ணைப் படம் பிடிக்கிறவர்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? லென்ஸத் தொடைங்க" என்றார் டாக்டரம்மா.

துடைத்த பிறகும் இருந்தது. டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"மூணு வயசுல வந்திருந்தா நல்ல கண்ண மறைச்சு இந்தக் கண்ணப் பழக்கியிருக்கலாம்."

"மூணு வயசுலயும் வந்தேன் மேடம். இதே நாற்காலிதான்."

எட்டு மாதம் நல்ல கண்ணில் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சிறுமி கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைக் கையால் தேடினாள். பலகையின் முதல் எழுத்துகூடத் தெரியவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே கட்டைப் பிரித்து, இருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்ற உடையாத கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார், காலையில்.

பன் அக்கா மதிய ஷிஃப்ட் கேட்டாள். உடனே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை.

இப்போது விடிகிற நேரத்தில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விரியும்போது இமை லேசாக எழும்பும்.

"இன்னைக்கு விரிஞ்சிச்சாம்மா?"

"விரிஞ்சிச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாதுடி தங்கம். எந்திரி, பல்லு தேய்."