கல்லுக்குக் கீழே

மாரியல்லது காரியமில்லை என்பார்கள். இந்த வருடம் அந்த மாரி கார்த்திகையில் தலையைக் காட்டிவிட்டு, வாசல் படலையோடு திரும்பிப் போய்விட்டது. மார்கழி முழுக்க வெயில். கதிர் தள்ள வேண்டிய நெல் நுனி கருகி நின்றது. பஞ்சலிங்கம் காலையும் மாலையும் தன் வயல் வரம்பில் நின்று அதைப் பார்த்தார்.

வயலோரக் கிணறு அவருக்கும், மனைவி ஞானாம்பிகையின் தமையன் அருட்பிரகாசத்துக்கும் பங்கு. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. குடிக்கிறதும் அதே தண்ணீர்தான். கிணற்றுச் சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் இறைக்கிற மிசினை நிறுத்திவிட வேண்டும். மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அன்றைக்குப் பஞ்சலிங்கத்தின் முறை. மத்தியானத்துக்குள் கல் தெரிந்துவிட்டது. வயலோ பாதிதான் நனைந்திருந்தது. மச்சான் அரியாலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். தூரத்துச் சொந்தம், போகாவிட்டாலும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். மிச்சப் பாதியைச் சாகவிடப் பஞ்சலிங்கத்துக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று மிசினை ஓடவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் மண்ணெண்ணெய் தீரும்வரை நீண்டது.

ஒரு வாரத்துக்குள் முதலில் நனைந்த பாதியும் சேர்ந்து பயிர் மஞ்சளித்துச் சாய்ந்தது. ஒரு காலை ஞானாம்பிகை தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவர் வாயில் வைத்தார். உப்புக் கரித்தது.

"சீனி போட்டுத்தான் தந்தனான்," என்றாள்.

செய்ததை மச்சானிடம் சொல்லி ஏச்சு வாங்கினாலாவது நெஞ்சுப் பாரம் குறையும் என்று அவர் கிணற்றடிக்குப் போனார். அருட்பிரகாசம் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார்.

"மச்சான், நீங்கள் செத்தவீட்டுக்குப் போன அண்டைக்கு நான் கல்லுக்குக் கீழை இறைச்சுப்போட்டன்."

அருட்பிரகாசம் நிமிரவில்லை. "அதுக்கு முதல்நாள் நானும் கல்லுக்குக் கீழை இறைச்சனான். உன்ரை முகத்திலை முழிக்க ஏலாமல்தான் செத்தவீட்டுக்குப் போனனான்."

ஏசுவதற்கும் ஆளில்லாமல் போயிற்று. பஞ்சலிங்கமும் பக்கத்தில் குந்தினார். பழக்கதோஷத்தில் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மேகமில்லை.

ஞானாம்பிகை இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கடைசி மிடறுவரை குடித்தார்கள். வேறு தண்ணீர் இல்லை.