வண்டி நின்ற நான்கு நிமிடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை ஊற்று, உள்ளுணர்வு என்றெல்லாம் பூசி மெழுக எனக்குத் தெரியாது. அலுவலகக் கோப்பில் நான் தட்டச்சு செய்த ஒரு குறிப்பிலிருந்து வந்தது. இதோ அந்தக் குறிப்பு:

"காலை 10.10க்கு வண்டி பழைய தந்தி அலுவலகத்தின் எதிரே நின்றது. உறுப்பினர்கள் வண்டிக்குள் இருந்தபடியே கட்டடத்தைப் பார்த்தனர். 10.14க்கு வண்டி புறப்பட்டது."

இதைவிட நல்ல உரைநடையை நான் இன்றுவரை எழுதவில்லை. கீழே வரும் மொத்தக் கதையும் இந்த மூன்று வரிக்குப் போட்ட உரைதான்.

நான் மாநிலத் தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு ஆணையத்தில் குறிப்பெழுத்தர். உறுப்பினர்கள் ஐந்து பேர் கூடிப் பேசுவார்கள், நான் எழுதுவேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொன்னதும் உங்கள் முகத்தில் ஒரு கனிவு வருகிறதே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது வண்டிக்குள் இருந்து பார்க்கிறவர்களின் முகம்.

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

முதல் முறை: "காலத்தின் மௌன சாட்சியாக அந்தக் கட்டடம் –" நிறுத்திவிட்டேன். மௌனமாவது ஒன்றாவது. உள்ளே பதினோரு தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டும்.

இரண்டாம் முறை: "சிதிலமடைந்த சுவர்களின் –" சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. கூரையில் ஓர் இடத்தில் ஒழுகும். அதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதை உங்களுக்குக் காட்டவே வெட்கமாக இருக்கிறது. அதில் புறா வந்தது.

நான்காவது: தந்தி நின்றுபோன பிறகு அந்தக் கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு பெண்கள் கூட்டுறவுத் தையலகத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். பள்ளிச் சீருடை, மருத்துவமனை அங்கி, தொழிற்சாலை மேலாடை என்று பதினான்கு பெண்கள் அங்கே தைக்கிறார்கள். கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் யாரும் இடிக்க முடியாது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அடுத்த மாதமே கார் நிறுத்துமிடம். எடுக்கும் அதிகாரம் எங்கள் ஆணையத்துக்கு.

அழகில்லை. ஆனால் படித்ததும் விஷயம் புரிகிறதா? அப்படியானால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

உறுப்பினர்கள். தலைவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. பேராசிரியர், கட்டட வரலாற்றில் மூன்று புத்தகம் போட்டவர். பேசும்போதே "இதற்கு ஒரு பின்னணி உண்டு" என்று கிளைவிட்டுப் போவதால் நான் அவருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு. அப்புறம் ஒரு வழக்கறிஞர், ஒரு பொறியாளர், அருங்காட்சியகத்து அம்மா ஒருவர்.

(இவர்களை வில்லன்களாக எழுதத்தான் ஆசை. கோபத்தில் ஒரு வரைவு அப்படியே எழுதினேன். தலைவருக்குத் தங்கப்பல்கூட வைத்தேன். உண்மையில் அவருக்கு இருப்பது நல்ல பல். யாரும் யாரிடமும் கையூட்டு வாங்கவில்லை. அவர்கள் செய்த தப்பு வேறு.)

ஆணையத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் தொடங்கியது என்று தெரியாது. கட்டடத்தின் முகப்புதான் கட்டடம். வண்டி எதிரே நிற்கும், கண்ணாடி இறங்கும், பேராசிரியர் வளைவு எந்தக் காலத்தது என்று சொல்வார், கண்ணாடி ஏறும். குறிப்பில் "உறுப்பினர்கள் நேரில் பார்வையிட்டனர்" என்று எழுதுவோம். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அவருக்கு முன் இருந்தவரும்.

அன்றும் அப்படித்தான். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"உள்ள போய்ப் பார்க்கலாமா?" என்றார் அருங்காட்சியகத்து அம்மா.

"எதுக்கு மேடம்? தையல் மிஷின் பார்க்கவா?" என்றார் பொறியாளர்.

"முகப்பு சாதாரணம்தான்," என்றார் பேராசிரியர். "தந்தி அலுவலகத்துல பார்க்க வேண்டியது உள்ளே தந்திகளைத் திசைவாரியா பிரிச்சுப் போட்ட பிரிப்பு மேஜை. அது இப்போ எங்கேயுமே மிச்சமில்ல. நானே எழுதியிருக்கேன்."

"அப்போ முடிஞ்சுது. கண்ணாடிய ஏத்துப்பா," என்றார் தலைவர்.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பதினான்கு.

மதியமே வாக்கெடுப்பு. ஐந்துக்கு ஐந்து. நீக்கலாம்.

4

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றிய என் சந்தேகம்.

தையலகத்தில் துணி வெட்டும் பெண்ணை முதல் வரைவில் மெலிந்த உருவமாக, கண்ணில் ஏக்கத்தோடு, கையில் கத்தரியோடு நிறுத்தியிருந்தேன். படித்துப் பார்த்தால் சகிக்கவில்லை. அவர் மெலிந்தவரும் இல்லை, ஏங்குகிறவரும் இல்லை. நாற்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவார், வெட்டும்போது குறுக்கே யார் பேசினாலும் கிழி கிழியென்று கிழிப்பார்.

ஏன் பொய்யாக எழுதினேன் என்றால், உங்களிடமிருந்து ஒன்றை மறைக்கப் பார்த்தேன். அவர் என் அம்மா.

மறைத்தது தப்புதான். ஆனால் அலுவலகத்திலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாக்கெடுப்புக்கு மறுநாள் தையலகக் கதவில் ஆணைய அறிவிப்பை ஒட்டினார்கள்: உள்ளே பார்க்க ஏதும் இல்லாததால் நீக்க முடிவாகியிருக்கிறது, அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதியானதும் நடைமுறைக்கு வரும். சாப்பாட்டு இடைவேளையில் நான் அங்கே போனபோது அம்மா அதைக் கிழிக்காமல் பெயர்த்தெடுத்து, வெட்டும் மேஜையில் விரித்து, மேலே கத்தரியை வைத்திருந்தார்.

"இது உன் ஆபீஸ் காகிதம்தானே?"

"ஆமாம்மா."

"உள்ள பார்க்க ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு. யாரு வந்து பார்த்தா? நான் தினமும் காலையில எட்டு மணியிலிருந்து இங்கதான் நிக்கிறேன். ஒரு ஈ காக்கா வரலையே."

நான் காகிதத்தின் சுருண்ட ஓரத்தை நீவினேன்.

"நீ அங்க என்னதான்டி பண்ற?"

"அவங்க சொல்றத எழுதுறேன்."

"சொல்றத மட்டும்தான் எழுதுவியா? செய்யறத எழுத மாட்டியா?"

பக்கத்து இயந்திரத்துக்கார அக்கா நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "விடுங்கக்கா, சம்பளம் சொல்றத எழுதறதுக்குத்தானே."

சுருக்கென்றது. ஆனால் கதைக்குத் தேவையானது அம்மாவின் கேள்விதான். மூன்று வருடம் இலக்கியம் படித்தேன்; எழுத்து என்றால் என்ன என்று எந்த வகுப்பிலும் யாரும் இப்படிக் கேட்கவில்லை. திரும்பிப் போய் "நேரில் பார்வையிட்டனர்" என்ற வரியை அழித்தேன். மேலே முதல் பகுதியில் இருப்பதை எழுதினேன். பொய் ஒரு எழுத்து இல்லை; அடைமொழி ஒன்று இல்லை.

* சிலர் கேட்கக்கூடும், இது பழிவாங்கல் இல்லையா என்று. பத்து பத்து என்பது பழி இல்லை. மணி.

5

அடுத்த மாதக் கூட்டம். முந்தைய குறிப்பைச் சுற்றுக்கு விட்டேன். ஆணையத்தின் இன்னொரு பழக்கத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்: யாரும் படிக்க மாட்டார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேராசிரியர் பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.

இந்த இடத்துக்கு ஒரு வீர உரை எழுதிவைத்திருந்தேன். பெண் புலி, மேஜை அதிர்கிறது, தலைவர் வாயடைத்து – வேண்டாம். நடந்தது இது: எழுந்து, ஒரு தாளைப் பார்த்து வாசித்தேன்.

"சார், விதி ஒன்பது. ஒரு கட்டடத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன் உறுப்பினர்கள் அதன் உள்ளும் புறமும் நேரில் பார்வையிட வேண்டும். இப்போ உறுதியான குறிப்புப்படி யாரும் உள்ள போகல. அதனால நீக்கினது செல்லாது."



"யாரு எழுதின குறிப்பு இது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார். நீங்க கையெழுத்துப் போட்டது."

வழக்கறிஞர் தாளை இழுத்துப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. "பத்து பதினாலு," என்றார். "சார், இத வெச்சு நீதிமன்றம் போனா நம்மள வறுத்தெடுத்துடுவாங்க."

"நீ ஒரு குறிப்பெழுத்தர். எழுதறது உன் வேலை. மூக்க நுழைக்கறது இல்ல," என்றார் தலைவர். "உனக்கு இதுல என்ன அக்கறை?"

வேலை போய்விடும் என்று தெரிந்தது. வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது ஒன்றுதான். தையலகமும் போய் இதுவும் போனால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் ஓடியது. ஆனால் செய்வதை எழுதுகிறவள் என்று ஆன பிறகு என்னை மட்டும் விட்டுவிட முடியாதல்லவா?

"அங்க துணி வெட்டறது எங்கம்மா சார். அதையும் குறிப்புல சேர்த்துக்கலாம். நான்தான் எழுதணும், எழுதிடறேன்."

எழுதினேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

முதலில் பேசியது அருங்காட்சியகத்து அம்மா. "அவங்க அம்மாவா இருந்தா என்ன? நாம உள்ள போகல. அது உண்மைதானே? நான் அன்னைக்கே கேட்டேன்."

பேராசிரியர் தலைகுனிந்து பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "போய்ப் பார்த்துடலாம்," என்றார்.

6

போனோம். வண்டிக் கதவுகள் திறந்தன. ஐந்து உறுப்பினர்கள் இறங்கினார்கள். இதை எழுத எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா? மறுபடியும் எழுதுகிறேன். ஐந்து உறுப்பினர்கள் இறங்கினார்கள்.

உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அம்மா மட்டும் வெட்டுவதை நிறுத்தவில்லை. பாதித் துணியில் நிறுத்தினால் கோடு தப்பும்.

பேராசிரியர் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது துணியை இல்லை. அதன் கீழே இருந்ததை. நாற்பது அடி நீளத்தில், தரையோடு திருகி இறுக்கிய மேஜை; இத்தனை நாள் எனக்கு அது வெட்டும் மேஜை, அவ்வளவுதான். முழு நீளத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம்.

"இந்தப் பள்ளம்..." என்றார்.

"கத்தரிக்கு," என்றார் அம்மா. "கீழ்த்தாடையை இதுல விட்டா கை கோணாது."

"இது தந்தித் தாள் வெச்ச தட்டு ஓடற தடம்மா. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குத் தள்ளுவாங்க."

"அப்படியா. நாங்க துணியத் தள்ளறோம்."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து மேஜைக்கடியில் போனார். மூன்று புத்தகம் போட்டவரின் இரண்டு செருப்பும் வெளியே தெரிந்தன.

"பார்த்து பெரியவரே, தலையில ஆணி தட்டும். வலது பக்கம் நகருங்க."

அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பித்தளை எண். திசைக்கு ஒன்றாகத் தந்திகளைப் பிரித்துப் போட்ட அறைகள். இப்போது அவற்றில் நூற்கண்டுகள், பொத்தான்கள், யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடி.

"மொத்தம் நாற்பத்தெட்டு," என்றார் அம்மா. "பன்னெண்டாவது மட்டும் கொஞ்சம் இறுக்கம். மத்ததெல்லாம் வெண்ணெய் மாதிரி இழுக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி எண்ணெய் போடறோம்."

மேஜைக்கடியிலிருந்து பேராசிரியரின் குரல் வந்தது. "எங்கேயுமே மிச்சமில்லன்னு எழுதிட்டேனே. தப்பா எழுதிட்டேன்."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண?" என்றார் அம்மா. "அங்க நிக்கிறா பாருங்க என் பொண்ணு. அவகிட்ட சொல்லுங்க, எழுதிப்பா."

உள்ளே நுழைந்தது 11.05. வெளியே வந்தது 12.40. எழுதிக்கொண்டேன்.

7

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று: கட்டடம் இடிகிறது, அம்மா கத்தரியை முந்தானையில் துடைக்கிறார். பத்திரிகைகள் இதைத்தான் கேட்கும். தோற்றால்தான் நம் போன்றவர்கள் கதைக்குள் வரலாம் என்று ஒரு எண்ணம் பலருக்கு உண்டு. கொடுக்க மாட்டேன்.

இரண்டு: தலைவர் மனம் திருந்தி என் தலையைத் தொட்டு வாழ்த்துகிறார். அவர் திருந்தவில்லை. எதிர்த்தே வாக்களித்தார்.

மூன்று: நடந்தது. நான்குக்கு ஒன்று. கட்டடம் பட்டியலில் நீடிக்கிறது. மேஜையைத் தனிப் பதிவாகச் சேர்த்தார்கள். "பயன்பாடு" என்ற கட்டத்தில் "முன்பு: தந்தி பிரித்தல். இப்போது: துணி வெட்டுதல். இரண்டும் தொடர்புடையவை" என்று பேராசிரியரே சொல்லச் சொல்ல எழுதினேன். ஒழுகும் கூரையைப் பொறியாளர் சரிசெய்யச் சொன்னார். வாளிக்கு வேலை போயிற்று, எனக்குப் போகவில்லை. வருகைப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது: உள்ளே நுழைந்த நேரம். அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு உருவாக்கியது நான். இந்த மாநிலத்தில் இனி எந்தப் பழைய கட்டடமும் கண்ணாடி வழியாகச் சாகாது.

அன்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நாற்பது அடுக்கையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரி, அந்த முனையப் பிடி. துணி விரிக்கணும்."

பிடித்தேன். பக்கத்து அக்கா என்னைப் பார்த்து, "சம்பளம் செய்யறத எழுதறதுக்குன்னு இப்போதான் தெரியுது," என்றார்.

8

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் எழுதியவள் முடித்தால் முடிந்ததாகாது. அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் கூட்டம் இதுதான். உறுப்பினர் நீங்கள்.

ஆட்சேபணை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அம்மா அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றால், வந்து அவரிடமே சொல்லுங்கள். வெட்டும்போது மட்டும் வராதீர்கள். இல்லையென்றால் கீழே கையெழுத்திடுங்கள். பேனா இல்லாவிட்டால் என்னுடையது இருக்கிறது. கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். அதை மட்டும் நான் நிரப்ப முடியாது, பொய்யாகிவிடும்.

வாசகர்: ....................

உள்ளே நுழைந்த நேரம்: ....................