மூவாயிரத்தில் யாருக்கு எவ்வளவு

பதினாலாவது கேள்வியைப் பிரபா படித்து முடித்ததும், மரகதம் நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"திரும்பப் படி."

"கடந்த மூன்று மாதங்களில், நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை எதையாவது விட்டீர்களா?"

"விட்டேன். எழுதிக்கோ. ஏன் விட்டேன்னு கேக்குதா அது?"

கேட்டது. பிரபாவின் கையிலிருந்த டேப்லெட்டில் அதற்கு ஐந்து கட்டங்கள் இருந்தன. உடல்நலக் குறைவு, குடும்பப் பொறுப்பு, வேறு வேலை கிடைத்தது, வேலை செய்யத் தேவை இல்லை, மற்றவை.

"நீங்க சொல்லுங்கக்கா. நான் எழுதிக்கிறேன்."

பெங்களூர் ஜோகுபாளையத்தில் அடுத்தடுத்து நான்கு சந்துகள். அவற்றில் முதல் இரண்டை ஓர் அறக்கட்டளை தேர்ந்தெடுத்திருந்தது. அந்த இரண்டு சந்துகளிலும் குடியிருந்த, பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் மாதம் மூவாயிரம் ரூபாய். இரண்டு வருடத்துக்கு. வேலை இருக்கிறதா, கஷ்டப்படுகிறாயா என்று கேட்கமாட்டார்கள். எதற்குச் செலவழித்தாய் என்றும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் அடிப்படை வருமானம் என்று ஒன்று கொடுத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்து, அறிக்கை எழுதி, அரசாங்கத்திடம் கொண்டுபோவது திட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் பிரபாவின் வேலை. ஆம்பூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு கால் சென்டருக்காகப் பெங்களூர் வந்தவள். கால் சென்டர் மூடிவிட்டது. இப்போது இந்த ஒப்பந்த வேலை, பதினெட்டாயிரம் சம்பளம். குடியிருப்பது மூன்றாவது சந்தில். மூன்றாவது சந்துக்குப் பணம் கிடையாது.

மரகதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்வர்ணா என்பவரின் வீட்டில் பதினொரு வருடம் சமையல் செய்தவள். தீபாவளிக்குத் தீபாவளி ஐந்நூறு ரூபாய் சம்பளத்தில் கூட்டுவார்கள். இந்தத் தீபாவளிக்குக் கூட்டவில்லை. வாயைத் திறந்து கேட்டாள்.

"'உனக்குத்தான் அங்க சும்மாவே மூவாயிரம் வருதே மரகதம், அப்புறம் என்ன'ன்னாங்க. சிரிச்சிட்டேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்தப்புறம்தான் உடம்பெல்லாம் எரிஞ்சுது. அவங்க வீட்டுக்காரருக்குப் பென்ஷன் வருது. மாடி வீட்டு வாடகை வருது. அது வருதேன்னு நான் ஒரு நாளாவது அரை வேலை செஞ்சிட்டு வந்திருக்கேனா?"

"அதுக்காகவா விட்டீங்க?"

"முன்னாடியும் கோவம் வரும் பிரபா. ஜுரத்தோட வேலை வாங்கினப்ப வந்துச்சு. எனக்குன்னு தனி டம்ளர் வெச்சப்ப வந்துச்சு. முழுங்கிக்குவேன். அடுத்த மாசம் அரிசிக்கு எங்க போறது? இந்த வாட்டி அரிசிக்கு இருந்துச்சு. மறுநாள் போயி சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

பிரபா 'மற்றவை' என்ற கட்டத்தைத் தொட்டு, சம்பள உயர்வு மறுக்கப்பட்டதால் விட்டார் என்று எழுதினாள்.

"வாடகையப் பத்திக் கேக்கலையா?" என்றாள் மரகதம். "பணம் வர ஆரம்பிச்ச நாலாவது மாசம் சுந்தரமூர்த்தி ஆயிரத்தைந்நூறு ஏத்தினாரே, அதைக் கேக்கலையா உன் மெஷின்?"

நாற்பத்திரண்டு கேள்விகளில் வாடகை பற்றி ஒன்றுகூட இல்லை. சுந்தரமூர்த்தியைப் பிரபாவுக்கும் தெரியும். அவளுக்கும் வீட்டுக்காரர் அவர்தான். ஒரு பைசா வாங்காத அவளுக்கும் அதே ஆயிரத்தைந்நூறை ஏற்றியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஏரியா ரேட் ஏறிடுச்சும்மா" என்றார்.

அடுத்த வீடு தினேஷுடையது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தவன். அதை விட்டு ஐந்து மாதம். கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னான்.

"வேற வேலை தேடுறீங்களா?"

"என்னா அவசரம்? அம்மாவுக்கு மூணு, எனக்கு மூணு, சோனியாவுக்கு மூணு. ஒம்போது வருதில்ல."

அழகு நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் மனைவி சோனியா, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "சோம்பேறின்னு ஒரு கட்டம் இருந்தா அதையே அமுக்குங்க. நான் முன்னாடியும் வேலைக்குப் போனேன், இப்பவும் போறேன். இவருக்கு மட்டும் லீவு."

காலையிலிருந்து வெயிலில் பதினோரு வீடு ஏறி இறங்கியிருந்த பிரபாவுக்கு அந்தக் கட்டிலைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியது. 'வேலை செய்யத் தேவை இல்லை' என்ற கட்டத்தைத் தேவைக்கு மேல் அழுத்தித் தொட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, இந்திராநகர் அலுவலகத்தில் அறிக்கையின் வரைவைப் பார்த்தாள். பணம் பெற்றவர்களில் எட்டில் ஒருவர், தேவை இல்லை என்று வேலையை விட்டுவிட்டதாக அதில் இருந்தது. அவள் கணக்குப்படி அது அவ்வளவு பேர் இல்லை. பட்டியலைத் திறந்து தேடினாள். மரகதத்தின் பெயருக்கு எதிரே அவள் எழுதிய வரி இல்லை. நான்காவது கட்டம் இருந்தது: வேலை செய்யத் தேவை இல்லை.

தரவுப் பிரிவின் பொறுப்பாளர் அச்யுத் மைசூர்க்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். குரலை உயர்த்தாத மனிதர்.

"'மற்றவை'ல முப்பத்தேழு பேர் வந்துட்டாங்க பிரபா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை. அப்படியே விட்டா டேபிள் நிக்காது. அதனால பக்கத்துல இருக்கிறதுல சேர்த்தோம்."

"சம்பளம் ஏத்தமாட்டேன்னு சொன்னதால விட்டாங்க சார். அதுக்குத் தேவை இல்லைங்கிறதுதான் பக்கத்துல இருக்கா?"

"அவங்களால விட முடிஞ்சுது. பணம் இருந்ததால முடிஞ்சுது. தினேஷுக்கு நீங்களே அதைத்தானே போட்டிருக்கீங்க?"

"தினேஷ் அதுதான் சார். நான் இல்லைன்னு சொல்லல. தினேஷையும் அந்தக்காவையும் ஒரே கட்டத்துல உக்கார வெச்சிருக்கீங்களே, அதைத்தான் கேக்கிறேன்."

அச்யுத் பேனாவை மூடினார். "எல்லாத்தையும் ஒரே ஆய்வுல பிடிக்க முடியாது."

"வாடகை? நாம குடுக்கிற மூவாயிரத்துல பாதி வீட்டுக்காரர் கைக்குப் போகுது. யாருக்கு வருமானம் குடுக்கிறோம்னாவது நமக்குத் தெரிய வேண்டாமா?"

"அது ஆய்வு எல்லைக்கு வெளியே."

வெளியே என்றால் எங்கே என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவர் அதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிட்டார். மெட்ரோவில் ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தாள். அவ்வளவு கோபத்தோடு கூட்டத்தில் நிற்க அவளால் முடியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்லெட் இல்லாமல், ஒரு நீள நோட்டோடு நான்கு சந்துகளுக்கும் போனாள். கேள்வி ஒன்றே ஒன்று. போன வருடம் என்ன வாடகை, இப்போது என்ன வாடகை? நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதில் முப்பத்தொன்று சுந்தரமூர்த்தியுடையவை. முதலில் ஏற்றியவர் அவர். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏற்றியிருந்தார்கள். பணம் வந்த சந்து, வராத சந்து என்ற வித்தியாசமே இல்லை. மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கச் சந்துகளிலும் விசாரித்தாள். அங்கே இருநூறுக்கு மேல் ஏறவில்லை.

நான்காவது சந்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கில்பர்ட், கேள்வியைக் கேட்டதும் கதவைச் சாத்தப் போனார். "உங்க ஆபீஸ்காரங்கதானே இதைக் கெளப்பிவிட்டது? அவங்களுக்குக் குடுத்தீங்க. எங்ககிட்ட எடுத்தீங்க. இப்ப எவ்வளவு எடுத்தோம்னு வேற எழுத வந்திருக்கீங்களா?"

பிரபா தன் வாடகையைச் சொன்னாள். தனக்கும் ஏறியதைச் சொன்னாள். அவர் கதவைத் திறந்து தன்னுடையதைச் சொன்னார்.

நோட்டை அச்யுத்திடம் கொடுத்தபோது, அனுமதி இல்லாமல் எடுத்த தகவலைச் சேர்க்க முடியாது என்றார். ஒருநாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அறிக்கை வெளியானது. பத்திரிகைகளுக்கு எட்டில் ஒருவர் என்ற வரி போதுமாக இருந்தது. சும்மா கொடுத்தால் சும்மா இருப்பார்கள் என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கையை இழுத்துக்கொண்டது. இருபத்துநான்கு மாதம் என்று ஆரம்பித்த பணம் பதினாலாவது மாதத்தோடு நின்றது. பிரபாவின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிந்தது.

பணம் நின்ற மறுவாரம் ஒருநாள் காலை, மரகதம் அந்தக் கட்டுரை வந்த பேப்பரோடு பிரபா வீட்டில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இந்த எட்டுல ஒருத்தி நானா?"

பிரபா பேப்பரை வாங்கி மடித்தாள்.

"என் வீட்டுல உக்காந்து என் டீயைக் குடிச்சிட்டுத்தானே எழுதின? ஸ்வர்ணாம்மா இதைப் படிச்சிருப்பாங்க. 'பாத்தியா, நான் சொன்னேன்ல'ன்னு யார்கிட்டயாவது காட்டியிருப்பாங்க. நான் ரெண்டு வீட்டுல வேலை கேட்டிருக்கேன். பணம் வந்தா விட்டுட்டுப் போற சந்துதானேன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா கேக்கிறா."

"நான் அப்படி எழுதலக்கா. அவங்க மாத்திட்டாங்க."

"மாத்தினா நீ என்ன பண்ணின?"

"சண்டை போட்டேன்."

"ஆபீஸுக்குள்ள போட்ட சண்டை எனக்கு எப்படிம்மா தெரியும்?"

பிரபா உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். மரகதம் நின்றபடியே புரட்டினாள். முதல் பக்கத்தில் தன் வீடு. பிறகு தினேஷ் வீடு. பக்கம் பக்கமாகப் பழைய வாடகையும் புது வாடகையும். நான்காவது பக்கம் வந்ததும் உட்கார்ந்தாள்.

"நம்ம நாலு சந்துக்குமா?"

"நமக்கு மட்டும்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏறல."

"இதை ஏன் அந்த ஆபீஸர்கிட்ட கொண்டுபோயி குடுத்த? குடுக்க வேண்டிய ஆளு இங்கதானே இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சுந்தரமூர்த்தி வீட்டு முன்னால் இருபத்தாறு பேர் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். கில்பர்ட் வந்திருந்தார். சோனியா வந்திருந்தாள், தினேஷ் வரவில்லை. சுந்தரமூர்த்தியின் அப்பா மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து, அந்தக் காலத்தில் வாங்கிப்போட்ட மனைகள் அவை. சுந்தரமூர்த்தி யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். அன்றும் பேசவில்லை.

"பணம் வந்தது, ஏத்தினேன். இல்லைன்னு சொல்லல. எனக்கும் வரி ஏறுது, தண்ணி டேங்கர் விலை ஏறுது. பணம் நின்னா வாடகைய எறக்கணும்னு எந்த அக்ரிமென்ட்ல இருக்கு, சொல்லுங்க."

"எனக்குப் பணமே வரல சார்," என்றார் கில்பர்ட். "எனக்கு எதுக்கு ஏத்தினீங்க?"

"அது ஏரியா ரேட்."

பிரபா எதிர்ப்பக்கச் சந்துகளின் வாடகையைப் படித்தாள். வீட்டு எண்ணோடு, ஒவ்வொன்றாக. குரல் நடுங்கியது. பயத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம். நிதானமாகவே கேட்டார்.

"இதெல்லாம் படிச்சு என்னம்மா ஆகப்போகுது? பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கலாம். நான் யாரையும் கட்டி வெக்கல."

மரகதம் முன்னால் வந்தாள். "காலி பண்றோம். முப்பத்தொரு வீடும் அடுத்த மாசமே காலி பண்றோம். பத்து மாச அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்களே, அதை எல்லாருக்கும் அன்னைக்கே எண்ணி வெச்சிடுங்க."

சுந்தரமூர்த்தி வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து லட்சத்துக்குக் கிட்டே. அவர் வீட்டு மேல் புதிதாக நின்ற இரண்டாவது மாடி அந்தப் பணத்தில் எழும்பியது என்பது சந்து முழுக்கத் தெரியும்.

"எல்லாரும் ஒண்ணா போவீங்களா?" என்றார்.

"போவோம்," என்றாள் சோனியா.

போயிருப்பார்களா என்று பிரபாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆறேழு பேர் தயங்கியிருப்பார்கள். ஆனால் அந்த வாசலில் ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. ஒரு வாரம் இழுத்தார். இரண்டு நாள் மோட்டார் ரிப்பேர் என்று தண்ணீரை நிறுத்திப் பார்த்தார். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் குழாயிலேயே பிடிக்க வந்ததும் மோட்டார் சரியாகிவிட்டது. கடைசியில் தொள்ளாயிரம் குறைத்தார், நான்கு சந்துக்கும். மற்ற வீட்டுக்காரர்களில் சிலர் குறைத்தார்கள், சிலர் குறைக்கவில்லை. சுந்தரமூர்த்தி ஏற்றியதில் மீதி அறுநூறு அப்படியே நின்றது.

தினேஷ் மறுபடி பைக்கை எடுத்தான். பிரபாவுக்கு அல்சூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. மரகதத்துக்கு இரண்டு வீடு அமைந்தது. முன்பு வாங்கியதைவிட அதிகமாகக் கேட்டாள். ஒன்றில் கொடுத்தார்கள், இன்னொன்றில் பேரம் பேசிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பிரபா கேட்டாள். "திரும்ப யாராவது மூவாயிரம் குடுக்கிறேன்னு வந்தா வாங்குவீங்களாக்கா?"

"ஏன் வாங்காம? வாங்குவேன். ஆனா ரெண்டு சந்துக்குக் குடுத்து ரெண்டு சந்தை வயிறெரிய விடக் கூடாது. வீட்டுக்காரன் கையை முதல்ல கட்டிட்டு அப்புறம் குடுக்கச் சொல்லு. பணம் வந்ததுல நான் சோம்பேறி ஆகல பிரபா. எங்கிட்ட பணம் வந்ததைப் பாத்து மத்தவங்களுக்குத்தான் பசி எடுத்துச்சு."

இறங்கும்போதும் அவள் முகம் இளகவில்லை. பிரபாவுடையதும்தான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, தனக்கு எவரும் எதுவும் கொடுக்காமலே ஏறிய அந்த அறுநூறையும் சேர்த்து சுந்தரமூர்த்திக்குப் போனில் அனுப்புகிறாள். பணம் போய்விட்டது என்று திரை சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் போனை இறுக்கிப் பிடித்தபடியே நிற்கிறாள்.